காணாமல் போன காற்று

ஏணியின் கடைசிக் கம்பியைப் பிடித்த நேரத்தில் அண்ணியின் மண்டையில் ஒரு புறா வந்து மோதியது.

"விட்டுடாதீங்க அண்ணி!" கீழேயிருந்து சிட்டு கத்தினாள். "ஏணியைச் சொன்னேன். புறாவை விட்டுடுங்க!"

அண்ணிக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. மூன்று மாடி உயரத்துக்கு நட்டுக்குத்தலாக நின்ற இரும்புக் குழாய் அது. வெயிலில் காய்ந்து தோசைக்கல்லாகக் கொதித்தது. இடது முட்டி காலையிலிருந்தே வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. ஒரு கையால் ஏணியையும் இன்னொரு கையால் மண்டையையும் பிடித்துக்கொண்டு, குழாயின் அகன்ற வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி! அண்ணன் லைன்ல இருக்கார். அலமாரி சாவி எங்கேன்னு கேக்கறார்!"

"அலமாரியிலேயே தொங்குதுன்னு சொல்லு!"

"சொல்லிட்டேன். எந்த அலமாரின்னு கேக்கறார். இருங்க, கட் பண்றேன், இங்கே ஆளுங்க வர்றாங்க. ரெண்டு செக்யூரிட்டி. ஒருத்தர் ஓடி வர்றார். இன்னொருத்தர் தொப்பையைத் தள்ளிக்கிட்டு வர்றார். அவர் வர்றதுக்கு நேரமாகும். முன்னவரை என்ன பண்ணட்டும்?"

"பேசிட்டு இரு."

"அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

சிட்டு அண்ணிக்கு நாத்தனார். துப்பறியும் தொழிலில் துணைக்கு வந்தவள். அவள் வாய்க்கு வாய் 'அண்ணி' என்று கூப்பிடுவதைக் கேட்டு, வழக்கு கொண்டுவரும் கட்சிக்காரர்கள், காவல்துறை, காய்கறி வண்டிக்காரர் எல்லோரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். சொந்தப் பெயர் இப்போது வங்கிக் கணக்கில் மட்டும் இருக்கிறது. அதுவும் அதிகம் புழங்காத கணக்கு.

அண்ணி மேலே இருந்ததற்குக் காரணம் வால்வுக்காரர். இந்த மின்நிலையத்தில் தலைமுடி நரைக்கும்வரை வால்வுகளைப் பழுதுபார்த்தவர். நிலையத்தின் அடியில் ஓர் உப்புக் குகை இருக்கிறது. அதில் அழுத்தி அடைத்து வைத்த காற்றுதான் மாலையில் ஊருக்கு மின்சாரமாகிறது. போன வாரம் ஒரு மாலை, குகையில் இருக்க வேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கைக் காணவில்லை. மாலை முடிவதற்குள்ளேயே காற்று தீர்ந்து ஊர் இருட்டில் மூழ்கியது. நாசவேலை என்றார்கள். விசாரணை தொடங்கியதும் வால்வுக்காரர் தானாகவே முன்னால் வந்து, "நான்தான் வென்ட் குழாயைத் திறந்து காத்தை வெளிய விட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

இன்று பிற்பகல் அதையே நீதிபதி முன்னால் சொல்லப் போகிறார். அங்கே சொல்லிவிட்டால் முடிந்தது கதை. மிச்ச வயசுக்கும் சிறைதான்.

அவருடைய ஒரே மகள், இதே நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவள், இரண்டு நாளாகத் தூங்காத கண்களோடு வந்து அண்ணியின் முன்னால் உட்கார்ந்து சொன்னது ஒரே வாக்கியம். "எங்க அப்பா பொய் சொல்றார்."

வென்ட் குழாய்க்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்த அண்ணி மெதுவாக இறங்கினாள். ஏணியின் அடியில் செக்யூரிட்டிகள் இருவரும் சிட்டுவின் பேச்சில் சிக்கி, யார் யாரைப் பிடித்தார்கள் என்று தெரியாத நிலையில் நின்றார்கள். பின்னால் குடையோடு ஒருவர். நிலையத்தின் மேனேஜர்.

"கேட்டிருந்தா நானே ஆளை ஏத்திப் பார்க்கச் சொல்லியிருப்பேனேம்மா" என்றார். கோபம் இல்லை. கோபப்படும் தெம்பும் இல்லாத முகம். குடையை அண்ணியின் தலைக்கு மேல் நீட்டினார். "உங்களை அனுப்பினது அவர் பொண்ணுதானே? எனக்கும் அவர் வெளிய வரணும்தான். உள்ளே வாங்க. தண்ணி குடிங்க."

"மேலே என்ன அண்ணி இருந்துச்சு?" சிட்டு காதருகில் வந்தாள்.

"ரெண்டு சாட்சி. இறக்கை முளைக்க ஆரம்பிச்சிருக்கு."

மேனேஜரின் அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. போன வாரத்திலிருந்து அவர் வீட்டுக்கே போகவில்லை என்பதை மூலையில் சுருட்டி வைத்த போர்வை சொன்னது. சிட்டு, தங்கள் காரில் வெயிலில் கிடந்த காலி பிளாஸ்டிக் பாட்டிலை, மூடி போட்டபடியே கொண்டுவந்து, மேசைமேல் வைத்தாள். "இதுல தண்ணி பிடிச்சுக்கலாமா சார்? அண்ணி ஒரு டம்ளர்ல அடங்க மாட்டாங்க."

"முதல்ல சொல்லுங்க சார்" என்றாள் அண்ணி. "இந்தக் காத்து விவகாரம் எப்படி? எனக்குப் புரியற மாதிரி."

அலுப்பையும் மீறி மேனேஜரின் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "ரொம்ப எளிசும்மா. பகல்ல வெயிலும் காத்தாடியும் நிறையக் கரண்ட் கொடுக்குது. எடுத்துக்க ஆளில்லை. அந்த மிச்சக் கரண்ட்ல கம்ப்ரசரை ஓட்டி, வெளிக்காத்தை அமுக்கி, குகைக்குள்ள அடைக்கிறோம். சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து சுவிட்சைத் தட்டறப்போ, குகை வாயைத் திறப்போம். காத்து சீறிட்டு மேல வரும். டர்பைனைச் சுத்தும். கரண்ட்."

"பலூனை ஊதி வெச்சுக்கிட்டு, வேணுங்கறப்போ விடற மாதிரி" என்றாள் சிட்டு.

"அதேதான். ஆனா பலூன் ஒழுகும். இது உப்புப் பாறை. தண்ணியை விட்டு உப்பைக் கரைச்சு எடுத்த பள்ளம். கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கும். ஒழுகவே ஒழுகாது. ஒரே தொந்தரவு சூடுதான். சைக்கிளுக்குக் காத்தடிச்சிருக்கீங்களா?"

"அடிச்சு, பம்போட அடியில கையை வெச்சுச் சுட்டுக்கிட்டதும் உண்டு" என்றாள் அண்ணி.

"காத்தை அமுக்கினா சூடாகும். அமுக்கினதைச் சட்டுனு விட்டா குளிரும். அதனால குகைக்குப் போற வழியில கூலர் ஒண்ணு வெச்சு, சூட்டை எண்ணெய்ல வாங்கிக்கிறோம். அந்தச் சூடான எண்ணெய் ஒரு பெரிய தொட்டியில உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் காத்து வெளிய வரும்போது அந்தச் சூட்டை அதுக்கே திருப்பிக் கொடுத்துடுவோம். கொடுக்கலைன்னா டர்பைன்ல ஐஸ் கட்டிடும்."

"வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிற கம்பெனியை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள் சிட்டு.

அண்ணி முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டாள். "வென்ட் குழாய் வழியா விட்டா, சூட்டைத் திருப்பிக் கொடுக்கிற வேலை கிடையாது இல்லையா?"

"கிடையாது. அது அவசரத்துக்குத் திறந்து விடற வழி. நேரா வானத்துக்கு."

"அப்போ அந்தக் குழாயே பனிக்கட்டியா உறைஞ்சிருக்கணும். புயல் மாதிரி ஊதியிருக்கணும். சார், அந்தக் குழாய் வாயில ஒரு புறாக் கூடு இருக்கு. நாலு சுள்ளியும் ஒரு கம்பித் துண்டும். நான் தும்மினாலே பறந்துடும். உள்ளே ரெண்டு குஞ்சு. உடம்பெல்லாம் முள்ளு முள்ளா இறகு. பொரிச்சு ஒரு வாரத்துக்கு மேல இருக்கும். அதுக்கு முன்னாடி தாய் அடைகாத்திருக்கணும். போன வாரம் யாரும் அந்த வழியா காத்தை விடலை. வால்வுக்காரர் எதையும் திறக்கவே இல்லை."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அப்போ ஏன்மா ஒத்துக்கிட்டார்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். காத்து எங்கே போச்சுங்கறதையும்."

"எப்படியிருந்தாலும் மத்தியானம் நானே உங்களை கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். பொண்ணையும் வரச் சொல்லியிருக்கேன். தனியா விடக்கூடாது பாருங்க, பாவம்." மேனேஜர் எழுந்தார். "அதுவரைக்கும் எங்கே வேணும்னாலும் சுத்திப் பாருங்க."

டக்.

மூவரும் திரும்பினார்கள். மேசைமேல் சிட்டுவின் காலி பாட்டில் தானாகவே இடுப்பு ஒடிந்து சுருங்கி நின்றது.

"நான் தொடலை!" என்றாள் சிட்டு.

அண்ணி பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சிட்டுவுக்கு அந்த முகம் தெரியும். அண்ணன் சம்பளத்தை எங்கே ஒளித்து வைத்தார் என்று கண்டுபிடிக்கும்போது வரும் முகம்.

கம்ப்ரசர் கூடத்துக்கு வெளியே நடந்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. உள்ளே இயந்திரங்கள் ஓய்வில்லாமல் இரைந்தன. காதுக்கு அடைப்பான் போட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, சுவரோரம் ஓடிய தடித்த குழாயை நோக்கி நடந்தார்கள். யார் முகத்திலும் களை இல்லை. இருட்டான அந்த மாலைக்குப் பிறகு எல்லோரும் இரட்டை வேலை பார்க்கிறார்கள்.

சிட்டு அந்தக் குழாயில் சாய்ந்தாள். அடுத்த கணம் துள்ளினாள். "ஐயோ!"

"சுடும்னு எழுதியிருக்கே!" என்று கத்தினார் ஒரு மீசைக்காரர். காதடைப்பானைக் கழற்ற மறந்திருந்தார்.

"எழுதின இடத்துலதானே உங்க டப்பாவை வெச்சிருக்கீங்க!"

அப்போதுதான் அண்ணி பார்த்தாள். குழாயின் மேல் நீளத்துக்கும் சாப்பாட்டு டப்பாக்கள். ஒவ்வொன்றையும் கம்பியால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். கூலரிலிருந்து எண்ணெயைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் குழாய் அது. காற்றிடமிருந்து பிடுங்கிய சூட்டில் ஒரு துளியை, ஊருக்குப் போவதற்கு முன், இவர்கள் சோற்றுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேனேஜருக்குத் தெரியுமா?" என்றாள் அண்ணி.

"தெரியாத மாதிரி போவார். நல்ல மனுஷன்." மீசைக்காரர் ஒருவழியாகக் காதைத் திறந்துகொண்டார். "வீட்டுல கட்டிக் கொடுக்கிறது இங்கே வந்து ரெண்டாவது தடவை சமையலாகும். கம்ப்ரசர் ஓடிச்சுன்னா சோறு சுடும். இத்தனை வருஷத்துல ஒரு நாள்தான் அது எங்களை ஏமாத்திடுச்சு."

"என்னைக்கு?"

"விருந்தாளிங்க வந்த அன்னைக்கு. நிலையத்தை வாங்கறதுக்குப் பார்க்க வந்தாங்களே, கோட்டு போட்டவங்க. அன்னைக்கு சாயங்காலம்தான் ஊர் இருட்டாச்சு. முந்தின நாளெல்லாம் கம்ப்ரசர் ரிப்பேர். குகை பாதி காலி. மத்தியானத்துக்குள்ள நிரம்பினாகணும்னு உத்தரவு. காலையிலேர்ந்து இவ்வளவு கத்து கத்துது கம்ப்ரசர், டப்பாவைத் தொட்டா ஜில்லுனு இருக்கு. குழாயும் ஜில்லு."

"ஆனா குகை நிரம்பிடுச்சா?"

"நாங்களே ஆச்சரியப்பட்டோம். நினைச்சதைவிடச் சீக்கிரமா அழுத்தம் காட்டற மீட்டர்ல முள்ளு உச்சிக்குப் போயிடுச்சு. மேனேஜர் மீட்டரைக் காட்டினார், கோட்டுக்காரங்க கை தட்டினாங்க."

"கீழே குகைக்குள்ள எவ்வளவு சூடுன்னு பார்க்க மீட்டர் இல்லையா?"

"அது செத்து மாசக்கணக்காகுது. கூலர்தான் ஆத்தி அனுப்புதே, அதுக்கெதுக்குக் காய்ச்சல் பார்க்கணும்னு விட்டுட்டாங்க."

அண்ணி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வால்வுக்காரர் அன்னைக்கு எங்கே சாப்பிட்டார்?"

"எங்கே சாப்பிட்டார்? என் பக்கத்துலதான் உட்கார்ந்தார். டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். குழாயைத் தொட்டுப் பார்த்தார். மூடியைக்கூடத் திறக்காம எழுந்து மாடிக்குப் போயிட்டார்."

"மாடியில என்ன?"

"கட்டுப்பாட்டு அறை. அவர் பொண்ணோட இடம்."

"கூலருக்குப் போகாம காத்தை நேரா குகைக்கு அனுப்ப முடியுமா?"

"பைபாஸ் இருக்கு. ஆனா இங்கேர்ந்து திருப்ப முடியாது. மாடியில அந்த நாற்காலியில உட்கார்றவங்கதான் திருப்பணும்." சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று புரிந்தவர்போல மீசைக்காரர் டப்பாவை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

கூடத்தின் பின்புறம் நிழலில் கிடந்த ஒரு காலி பீப்பாயில் அண்ணி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. கைப்பையிலிருந்து நசுங்கிய பாட்டிலை எடுத்தாள்.

"இது கார்ல இருந்தப்போ எப்படி இருந்துச்சு?"

"நல்லா விறைப்பா இருந்துச்சு."

"உள்ளே காத்து சூடு. ஏசி அறைக்கு வந்ததும் ஆறிடுச்சு. மூடி திறக்கலை, ஒரு சொட்டுக் காத்துகூட வெளிய போகலை. ஆனா சுருங்கிடுச்சு. குகையிலயும் இதுதான் நடந்திருக்கு. கூலரைத் தாண்டி, சுடச்சுடக் காத்தை உள்ளே தள்ளியிருக்காங்க. சூடான காத்து எகிறி நிக்கும். கொஞ்சம் போட்டாலே முள்ளு உச்சிக்குப் போயிடும். விருந்தாளிக்குக் காட்டியாச்சு. அவங்க போனதும் உப்புச் சுவரு சூட்டைக் குடிச்சிடுச்சு. முள்ளு இறங்கிடுச்சு."

சிட்டு வாயைப் பிளந்தாள். "அப்போ காணாமப் போன காத்து?"

"காணாமப் போகலை. அது வரவே இல்லை."

"எங்க அண்ணன் கோவம் மாதிரி. பார்க்கத்தான் பெரிசு. ஆறவிட்டா உள்ளே ஒண்ணும் இருக்காது."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. சிட்டுவும் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"அண்ணி... பைபாஸை மாடியிலேர்ந்துதான் திருப்பணும்னா..."

"ம்."

"நம்ம கட்சிக்காரியா?"

"அப்பாக்காரருக்குச் சோறு சுடலைன்னதும் புரிஞ்சிருக்கு. மாடிக்குப் போயிருக்கார். வென்ட் குழாயை நான் திறந்தேன்னு சொல்லிட்டா, எல்லாரும் குழாயைத்தான் பார்ப்பாங்க. கூலர் பக்கம் யாரும் திரும்ப மாட்டாங்க. பொண்ணோட நாற்காலி பக்கமும்."

"அவ தெரிஞ்சே நம்மகிட்ட வந்தாளா?"

"தெரியலை. அந்தக் கண்ணு பொய் சொல்ற கண்ணு மாதிரி இல்லை. ஆனா என் கண்ணும் ரெண்டு நாளா தூங்கலை." அண்ணி பீப்பாயிலிருந்து எழுந்தாள். முட்டி ஒரு வார்த்தை சொன்னது. "அப்பாவை வெளிய எடுக்கணும்னா பொண்ணை உள்ளே தள்ளணும். இந்தத் தொழிலுக்குப் பதிலா உங்க அண்ணனுக்கு அலமாரி சாவி எடுத்துக் கொடுத்துட்டே காலத்தை ஓட்டியிருக்கலாம்."

பிற்பகல் மேனேஜரின் காரில் நீதிமன்றத்துக்குக் கிளம்பினார்கள். முன்னிருக்கையில் உட்கார்ந்த மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். "சாப்பிட்டியாம்மா?" என்று மேனேஜர் ஒருமுறை கேட்டார். தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை.

சிட்டு மெல்ல ஆரம்பித்தாள். "சார், அன்னைக்கு கட்டுப்பாட்டு அறையில..."

"அதெல்லாம் இப்போ வேண்டாம்மா" என்றார் மேனேஜர் காரின் கண்ணாடியில் பார்த்தபடி, மிக மென்மையாக. "இந்தக் குடும்பம் பட்டது போதும்."

நீதிமன்றத் தாழ்வாரத்தில் மின்விசிறி சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. சுவரோர பெஞ்சில் வால்வுக்காரர். பக்கத்தில் கொட்டாவியை மறைக்க முயலாத ஒரு காவலர். வால்வுக்காரரின் பெரிய கைகள் வேலையில்லாமல் மடியில் கிடந்தன. மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே மூடிக்கொண்டது.

"எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வர்றேன்" என்று மேனேஜர் வாசல் பக்கம் போனார்.

அண்ணி வால்வுக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஐயா, வென்ட் வால்வைத் திறந்தப்போ குழாய் சுட்டுச்சா, குளிர்ந்துச்சா?"

"அதெல்லாம் ஞாபகமில்லை."

"அந்தக் குழாய் வாயில புறா குஞ்சு பொரிச்சிருக்கு. நீங்க திறந்திருந்தா அதுங்க இந்நேரம் அடுத்த ஊர்ல இருக்கும்."

வால்வுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "புறா இப்போ வந்து கட்டியிருக்கும்."

"குஞ்சோடயே குடி வந்துச்சா?" என்றாள் சிட்டு.

"நான் திறந்தேம்மா. திறந்தேன்னு சொல்றவனைக் கூட்டி வந்து திறக்கலைன்னு சொல்ல வைக்கறதுக்கு ஒரு தொழிலா? போய் வேற வேலையைப் பாருங்க." குரலில் எரிச்சலைவிடக் களைப்புதான் இருந்தது. எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பொய்.

"சரி" என்றாள் அண்ணி. "அன்னைக்கு ஏன் சாப்பிடலை?"

வால்வுக்காரர் கைகளை மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டார்.

"குழாயைத் தொட்டுப் பார்த்துட்டு, டப்பாவைக்கூடத் திறக்காம ஏன் மாடிக்குப் போனீங்க?"

"என் பொண்ணை வெளிய அனுப்புங்க."

"நான் போக மாட்டேன்" என்றாள் மகள். "என்னப்பா, மாடிக்கு எதுக்கு வந்தீங்க?"

அண்ணி மகளை நிமிர்ந்து பார்த்தாள். இந்த வேலையில் மிகவும் அலுப்பான இடம் இதுதான். கண்டுபிடித்ததை வாய்விட்டுச் சொல்லும் இடம். "காத்து வெளிய போகலைம்மா. அது சூடா உள்ளே போச்சு. கூலரை மூடி, பைபாஸைத் திறந்து விட்டிருக்காங்க. அதைச் செய்யறது உன் நாற்காலியிலேர்ந்துதான். உங்க அப்பா சுமக்கறது உன்னோட தப்பை."

மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது!" வால்வுக்காரர் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "யாரோ சொல்லியிருப்பாங்க, செஞ்சிருப்பா. சின்னப் பொண்ணு. இப்பத்தான் வாழ்க்கையே ஆரம்பிக்குது. எனக்கு என்ன, முடியற வயசு."

"யார் சொல்லிச் செஞ்சான்னு அவகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கலை."

"ஒரே வீட்டுல இருக்கீங்க."

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவாம்மா. அவ பொய் சொல்ல மாட்டா. அப்புறம் நான் எப்படிப் பொய் சொல்றது?" பிடியை விட்டார். "அன்னைக்கு மாடிக்குப் போனேன். உள்ளே விருந்தாளிங்க வர்ற நேரம்னு கதவுலயே நிறுத்திட்டாங்க. 'உங்க பொண்ணு அவசரத்துல ஏதோ பண்ணிட்டா, பெரிசாகாம பார்த்துக்கறோம், அவகிட்ட கேக்காதீங்க, உடைஞ்சு போயிடுவா'ன்னாங்க. சரின்னு இறங்கிட்டேன். ஊர் இருட்டாகி, விசாரணைன்னு வந்ததும், இனிமே தோண்டினா அவ பேருதான் வரும்னாங்க. அவ பேரு வரலாமா? தாயில்லாத பொண்ணு. வரலாமா?"

"வால்வு கேஸ்!" உள்ளேயிருந்து டவாலி கூப்பிட்டார். காவலர் கொட்டாவியைப் பாதியில் விட்டு எழுந்தார்.

"அப்பா." மகளின் குரல் மிகச் சிறியதாக வந்தது. "அன்னைக்கு நான் அங்கே இல்லை."

வால்வுக்காரர் நிமிர்ந்தார்.

"வேற ஊர்ல பெரிய நிலையம் ஒண்ணு கட்டறாங்கப்பா. அங்கே இன்டர்வியூ. நீங்க தனியா ஆயிடுவீங்களேன்னு சொல்லலை. கிடைச்சா சொல்லிக்கலாம், கிடைக்கலைன்னா சொல்லவே வேண்டாம்னு நினைச்சேன். காலையில வந்து, என் பேர்ல கம்ப்யூட்டரைத் திறந்து வெச்சுட்டு, அப்படியே பஸ் ஏறிட்டேன். திரும்பி வந்தப்போ ஊர் இருட்டா இருந்துச்சு. லீவு போடாம போனது தெரிஞ்சா வேலை போயிடும், வாயைத் திறக்காதேன்னு சொன்னாங்க. நீங்க குழாயைத் திறந்தேன்னு சொன்னீங்க. குழாய்க்கும் என் நாற்காலிக்கும் சம்பந்தமே இல்லைன்னுதான்ப்பா நான் பேசாம இருந்தேன்."

வால்வுக்காரர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். காவலர் அவர் தோளைத் தொட்டார். அண்ணி காவலரின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"நாற்காலியைக் காலியா விட்டுட்டுப் போக முடியாதேம்மா" என்றாள். "யார்கிட்ட விட்டுட்டுப் போனே?"

மகளின் பார்வை அண்ணியைத் தாண்டிப் போயிற்று. தாழ்வாரத்தின் முனையிலிருந்து, டீ சிந்தாமல் தட்டைப் பிடித்தபடி, கவனமாக அடி எடுத்து வந்துகொண்டிருந்தார் மேனேஜர். முகத்தில் அதே கருணை. அதே களைப்பு.

அவர் பக்கத்தில் வரும்வரை மகள் காத்திருந்தாள்.

"'நீ தைரியமா போயிட்டு வாம்மா, உன் நாற்காலியில நான் உட்கார்ந்துக்கறேன்'னு நீங்கதானே சார் சொன்னீங்க?"